ஈ-என்-டி ஒலிக்காததற்குக் காரணம் உண்டு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு மேட்டூர், மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி, பிளஸ் ஒன்னில் பிள்ளையை எந்த மொழியில் சேர்ப்பது என்பது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகளை விசாரித்துவிட்டு வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "பிரெஞ்சு எடுத்துக்கச் சொல்லுங்க, மார்க்கு நிக்கும்." பிள்ளை தயங்கினால் கூடவே ஓர் ஆறுதலும் வரும்: "வாயில வராட்டியும் பரவால்லீங்க. அது எழுதறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. விதியெல்லாம் கிடையாது. அப்படியே மனப்பாடம் பண்ணிக்க வேண்டியதுதான்."

முதலில் சொன்னது அந்தந்தக் குடும்பத்தின் கணக்கு. அதில் மற்றவர்கள் தலையிட ஒன்றுமில்லை. ஆறுதலாகச் சொன்னது தவறு. ஏமாற்றுவதற்காக யாரும் அதைச் சொல்வதில்லை, ஆனாலும் அது செய்யும் கேடு பெரிது. அதை நம்பி இரண்டு வருடம் பிரெஞ்சு படித்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிட்டு, ஒரு வினைச்சொல்லை வாய்விட்டுப் படிக்கக் கூசுகிற பிள்ளைகளை இந்தப் பக்கம் உருவாக்கிக்கொண்டே இருக்கிறது.

இந்த நிலை வந்த வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். பிளஸ் ஒன்னில் விருப்பப்படி மாறிக்கொள்ளலாம். மொத்தம் 1200 மதிப்பெண்ணாக இருந்த காலத்தில் மொழிப்பாடத்துக்கு 200. மாநில ரேங்க் தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களுக்கே என்றும், பிரெஞ்சும் சமஸ்கிருதமும் எடுத்தவர்களுக்குத் தனிப் பட்டியல் என்றும் இருந்தது. 2017இல் ரேங்க் பட்டியலே நின்றது; பிறகு மொத்தமும் 600 ஆகச் சுருங்கியது. பிரெஞ்சை மார்க்குப் பாடமாக மட்டும் பார்க்கும் பழக்கம் சுருங்கவில்லை.

அந்தப் பழக்கத்தின் அடையாளம் மூன்று பத்தி கட்டிய நோட்டு. இடப்பக்கம் பிரெஞ்சுச் சொல், வலப்பக்கம் பொருள், நடுவில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. அந்த நடுப் பத்தியில் 'நூஸவோன்' என்று இரண்டு இடத்தில் இருக்கும். ஓரிடத்தில் பொருள் 'எங்களிடம் இருக்கிறது'. இன்னோரிடத்தில் 'எங்களுக்குத் தெரியும்'. பிரெஞ்சுக்காரர் காதில் இவை இரண்டும் ஒருநாளும் குழம்பாது. முதலாவதில் 'நூ' என்ற சொல்லின் கடைசியில் தூங்கிக் கிடந்த எஸ் எழுத்து, அடுத்து உயிரொலி வருவதால் விழித்துக்கொண்டு, தொண்டை அதிரும் ஸ-வாக அடுத்த அசையோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவதில் அந்த எஸ் தூங்கியே கிடக்கிறது; கேட்பது 'தெரிதல்' வினையின் சொந்த ஸ, அதிர்வே இல்லாதது. நடுப் பத்தி இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. 'தூங்குகிறான்' என்பதற்கும் 'முறுக்குகிறான்' என்பதற்கும் நடுப் பத்தி 'தோர்' என்ற ஒரே எழுத்துக்கூட்டலைத்தான் தரும். முதலாவதில் வருவது 'அதோ' என்பதில் உள்ள மென்மை, இரண்டாவதில் வருவது 'தீப்பெட்டி'யின் முதலெழுத்தில் உள்ள வன்மை என்று பிரித்துக் காட்டத் தமிழ் எழுத்தில் இடமில்லை. தூங்குபவனுக்கு உரியது மெல்லிய த. முறுக்குபவனுக்கு உரியது வல்லின த. மனப்பாடம் செய்யும் பிள்ளை தவறைத்தான் மனப்பாடம் செய்கிறது. இந்தக் கட்டுரைக்கும் தமிழ் எழுத்துதான் கருவி; ஆகவே கீழே வரும் ஒலிக்குறிப்புகளை விதியை விளக்கும் அளவுக்கு மட்டும் கொள்ள வேண்டும்.

விதியே இல்லை என்கிற பேச்சுக்கு வருவோம்.

பிரெஞ்சு வினைகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது ஈ-ஆர் என்று முடிபவை. 'பேசு' என்னும் வினையை எடுத்துக்கொள்ளலாம்: பி-ஏ-ஆர்-எல்-ஈ-ஆர். நிகழ்காலத்தில் நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என ஆறு இடங்களுக்கு எழுத்தில் ஐந்து வடிவம். காதில் விழுவது மூன்று. நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் 'பார்ல்' என்ற ஒரே ஓரசைச் சொல். நாம் என்றால் 'பார்-லோன்', கடைசி ஒலி மூக்கில் நின்றுவிடும். நீங்கள் என்றால் 'பார்-லே'. தொடர்ந்து நடந்த இறந்தகாலத்திலும் அப்படித்தான்: எழுத்தில் ஐந்து, ஒலியில் மூன்று. பிரெஞ்சு கடினம் என்று பயமுறுத்தும் அந்தப் பெரிய வினைப் பட்டியலை வாயால் பிடித்தால் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கண்ணால் மட்டும் பிடிப்பவர்களுக்குத்தான் அது முழுப் பட்டியல்.

வகுப்பில் கட்டாயம் எழும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், அவங்க பேசறாங்கன்னா கடைசியில ஈ-என்-டி இருக்குதுங்களே, அதைச் சொல்ல வேண்டாங்களா?" பல வகுப்பறைகளில் இதற்குக் கிடைக்கும் பதில், "அது சைலன்ட், அப்படியே வெச்சுக்க" என்பது. நல்ல கேள்வி அங்கே செத்துப்போகிறது.

சொல்ல வேண்டிய பதில் இதுதான். படர்க்கைப் பன்மை வினையின் விகுதியாக வரும் ஈ-என்-டி ஒலிக்காது. பெயர்ச்சொல்லிலோ வினையடையிலோ வரும் ஈ-என்-டி 'ஆன்' என்று மூக்கால் ஒலிக்கும். இதைக் காட்டப் பிரெஞ்சுப் பள்ளிகளில் வழிவழியாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டு வாக்கியம் நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தம்: கன்னிமடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. பிரெஞ்சில் 'கன்னிமடம்', 'அடைகாக்கின்றன' இரண்டுக்கும் எழுத்து ஒன்றே: சி-ஓ-யு-வி-ஈ-என்-டி. அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. முதலில் 'கூ-வான்', ஈரசை. அடுத்து 'கூவ்', ஓரசை. எது பெயர், எது வினை என்று தெரிந்தவர் தடுமாறவே மாட்டார். இலக்கணம் தெரிந்தால் ஒலி தெரியும் என்பதுதான் இங்கே விதி. அதை விதியின்மை என்று சொல்வது அநியாயம்.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் 'வருகிறான்' என்ற வினை. வி-ஐ-ஈ-என்-டி. இதுவும் ஈ-என்-டி-யில் முடிகிறது, வினையும்கூட, ஆனால் 'வியென்' என்று மூக்கால் ஒலிக்கிறது. 'படிக்கிறார்கள்' என்பதும் ஐ-ஈ-என்-டி-யில்தான் முடிகிறது. அங்கே 'எ-த்யு-தி' என்பதோடு சரி, ஈ-என்-டி மௌனம். பார்த்தீர்களா, குழப்பம்தானே என்பார்கள். குழப்பம் இல்லை. 'வருகிறான்' ஒருமை. அதில் விகுதி டி மட்டும். ஈ-யும் என்-னும் பகுதியின் உறுப்புகள். 'படிக்கிறார்கள்' பன்மை, மூன்றெழுத்தும் விகுதி. பகுதி எது, விகுதி எது என்று பிரிப்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா? பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மார்க் வாங்கிய பிள்ளை அது.

மௌனமான எழுத்துகள் செத்த எழுத்துகளும் அல்ல. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதைக் கேள்வியாகத் திருப்பினால் வினை முன்னும் பிரதிப்பெயர் பின்னுமாகி 'பார்ல்-தில்' என்று அந்த டி எழுந்து ஒலிக்கிறது. லத்தீனில் ஒருகாலத்தில் ஒலித்த அந்த எழுத்து பேச்சில் தேய்ந்து, எழுத்தில் நின்று, உயிரொலி பின்னால் வந்தால் மட்டும் திரும்புகிறது. 'அவன் பேசுகிறானா' என்று கேட்கும்போது திரும்புவதற்கு அங்கே டி-யே கிடையாது. பிரெஞ்சு அங்கே ஒரு டி-யைப் புதிதாக நடுவில் வைத்து அதே 'பார்ல்-தில்' ஆக்கிக்கொள்கிறது. மணி, அடித்தது என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் யகரம் நுழைந்து மணியடித்தது ஆவதை நன்னூல் உடம்படுமெய் என்கிறது. பத்தாம் வகுப்பு வரை அதைப் படித்த பிள்ளையிடம், பிரெஞ்சில் ஏன் இந்த டி என்றால், "அது அப்படித்தான்" என்கிறோம்.

இன்னும் இரண்டு உண்டு. 'நான்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் கடைசி உயிர், உயிரில் தொடங்கும் வினைக்கு முன்னால் விழுந்துவிடும். நாடு, ஆண்டான் என்பவை சேரும்போது உகரம் ஓடி நாடாண்டான் ஆகவில்லையா? 'அவன் வருகிறான், வந்து சேருகிறான்' என்ற பொருளில் வரும் வினையை 'இல் ஆரீவ்' என்று இரண்டாக யாரும் சொல்வதில்லை. லகரம் அடுத்த உயிரின் மேல் ஏறி 'இ-லா-ரீவ்' ஆகிறது. அவள் ஆடினாள் என்பதை அ-வ-ளா-டி-னாள் என்று சேர்த்துப் படிக்கும் வாய்க்கு இதைத் தனியாகச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

அசை பிரிப்பதுதான் இந்தக் கதவுக்கெல்லாம் சாவி. இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: 'முடி' என்னும் வினை ஃபி-நீர். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொரு பக்கம்: பார்-லே. இரண்டாவது மெய் ல அல்லது ர ஆக இருந்து, முன்னால் ப, த, க, வ போன்றவை நின்றால் இரண்டும் சேர்ந்தே பின்னால் போகும்: 'திற' என்பது ஊ-வ்ரீர். இந்தக் கடைசி இடத்தில் தமிழ் வாய் சறுக்கும். சொல் முதலில் மெய்ம்மயக்கம் தமிழில் வராது. ஆகவே 'ஊவ்-ரீர்' என்று உடைக்கவே தோன்றும். அதேபோல எழுத்தில் இரண்டு பி, இரண்டு ஆர் இருந்தால் தமிழ்ப் பிள்ளை அப்பளம் என்பதுபோல அழுத்தி நிறுத்தும். பிரெஞ்சில் இரட்டித்த மெய்க்கு ஒற்றை ஒலிதான். தமிழ் யாப்பின் அசையும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிரையசையில் இரண்டு குறில் சேர்ந்து ஓரசை ஆகும். பிரெஞ்சில் ஒலிக்கும் உயிர் ஒவ்வொன்றும் ஓரசை. அளவு வேறு. ஆனால் சொல்லைக் காதால் கேட்டு வெட்டும் பயிற்சி ஒன்றே. குறளை அலகிட்டு வாய்பாடு எழுதி வந்த பிள்ளைக்கு அந்தப் பயிற்சி கைவசம் இருக்கிறது.

"மார்க்குக்கு இதெல்லாம் எதுக்குங்க" என்பவர்களுக்கு மார்க்கிலேயே பதில் உண்டு. 'அழை' என்னும் வினையில் 'நாம் அழைக்கிறோம்' என்றால் ஒரு எல். 'நான் அழைக்கிறேன்' என்றால் இரண்டு எல். 'வாங்கு' என்னும் வினையில் 'நாம்' என்றால் ஈ-யின் மேல் கோடில்லை, 'நான்' என்றால் ஈ-க்கு அக்ஸான் கிராவ். இவற்றைத் தனித்தனி விலக்காக உருப்போட்டுத் தேர்வு நாளில் குழம்பாத பிள்ளை இல்லை. அசை பிரித்துச் சொன்னால் காரணம் காதிலேயே கேட்கும். 'நாம் அழைக்கிறோம்' என்பது 'ஆ-ப்லோன்'; நடு ஈ மெலிந்து மறைந்துவிட்டது. 'நான்' என்னும்போது சொல்லின் கடைசி ஈ மௌனம், ஆகவே முந்தைய ஈ முழுக் குரலில் 'பெல்' என்று ஒலித்தாக வேண்டும். அந்த முழுக் குரலுக்கு அடையாளமாகத்தான் ஒரு வினையில் எல் இரட்டிக்கிறது, இன்னொன்றில் தலையில் கோடு விழுகிறது. எந்த வினை இரட்டிக்கும், எது கோடு வாங்கும் என்பதை நினைவில் வைக்கத்தான் வேண்டும். எந்த இடத்தில் மாற்றம் வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டியதே இல்லை, வாய் சொல்லிவிடும்.

இது வகுப்பறைத் தந்திரம் அல்ல, அந்த நாட்டு எழுத்துமுறையே இதன்மேல் நிற்கிறது. 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்களில், 'விட்டுக்கொடுப்பேன்' போன்ற எதிர்கால வடிவங்களில் இருந்த அக்ஸான் தேகுவை அக்ஸான் கிராவாக எழுதலாம் என்று வந்தது. நடுவில் உள்ள மெலிந்த ஈ பேச்சில் மறைந்து, முன் அசை மூடிக்கொள்வதால் அங்கே ஒலி ஏற்கெனவே அகன்றிருந்தது. வாயில் அசை மாறியதைப் பார்த்து எழுத்தை மாற்றினார்கள். விதியில்லாத மொழியில் இப்படி ஒரு திருத்தத்துக்கு வேலையே இருக்காது.

மெய்யான விலக்குகள் இல்லையா? இருக்கின்றன. 'செய்கிறோம்' என்பதில் ஏ-ஐ என்று எழுதி மெலிந்த ஈ-யாகச் சொல்வது விலக்கு. 'உடையதாக இருந்த' என்ற எச்சத்தை ஈ-யு என்று எழுதி 'யு' போன்ற ஒற்றை உயிராகச் சொல்வது விலக்கு. இப்படிச் சில உண்டு, விரல்விட்டு எண்ணலாம். இன்னொரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் பாதை சீரானது. ஒலியிலிருந்து எழுத்துக்குத் திரும்பும் பாதை அப்படியல்ல. 'பார்லே' என்று காதில் விழுந்தால் அது 'பேச' என்ற வடிவமா, 'பேசிய'வா, 'பேசுகிறீர்கள்'தானா என்பதை வாக்கியம்தான் சொல்லும். பிரான்சின் பிள்ளைகளே சொல்வதெழுதலில் இங்கே தவறு செய்கிறார்கள். விதியே இல்லை என்று பேசுபவர்கள் இந்த இரண்டு பாதையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே எழுத்தை எழுதிவிட்டு ஒன்றை 'ரீட்' என்றும் மற்றொன்றை 'ரெட்' என்றும் படிக்கச் சொல்லும் ஆங்கிலத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றவர்கள், அதைவிட எத்தனையோ மடங்கு ஒழுங்கான பிரெஞ்சு வினையைப் பார்த்து ஒழுங்கில்லை என்பது நியாயமாகாது.

அடுத்த நம்பிக்கை, தமிழ் நாக்குக்குப் பிரெஞ்சு படியாது என்பது. இதை மேட்டூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது இன்னும் வியப்பு. 1934இல் அணை கட்டி முடிந்தபோது இங்கிருந்து இறங்கிய காவிரித் தண்ணீர் அரசலாறு வழியாகக் கடைசியில் சேர்ந்த காரைக்கால் பிரெஞ்சு ஊர். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அது 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கென்று ஒதுக்கிய 7 டிஎம்சி இன்றும் அந்தக் காரைக்காலுக்குத்தான். ஒரே ஆற்றின் கடைமடையில் இருநூறு வருடத்துக்கு மேல் தமிழும் பிரெஞ்சும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். எழுத்தில் அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு டி உண்டு. தமிழ்க் காது அந்த டி-யைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது ஒலிக்கவில்லை. நோட்டில் நடுப் பத்தி இல்லாமல், காதால் மட்டும் வாங்கிய மக்கள் சரியாக வாங்கினார்கள். பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் கடை நடத்தும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள் இன்று பிரான்சில் பிறந்த எந்தப் பிள்ளையையும்போலப் பேசுகிறார்கள். நாக்கு அதே நாக்கு.

பிரெஞ்சில் மிரட்டும் ஒலி என்று எல்லாரும் சொல்வது மூக்குயிர். அதை மேட்டூர்ப் பிள்ளை தினமும் சொல்கிறது. 'அவன் வந்தான்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி னகரத்தை நாக்கால் தொடுவதில்லை, ஆ-வையே மூக்கில் ஏற்றிவிட்டு நிறுத்துகிறோம். 'வந்தானா?' என்று கேட்கும்போது அந்த னகரம் முழு மெய்யாகத் திரும்பி வருகிறது. பிரெஞ்சில் 'வருகிறான்' என்பது 'வியென்', மூக்கோடு நின்றுவிடும். 'வருகிறார்கள்' என்பது 'வியென்ன்', நாக்கு மேலே தொட்டு னகரம் முழுதாகக் கேட்கும். ஒருமைக்கும் பன்மைக்கும் காதில் உள்ள ஒரே வேறுபாடு அதுதான். 'வந்தான்', 'வந்தானா' இரண்டையும் பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லிவிட்டு இந்த வினைக்குப் போனால், வகுப்பில் யாருக்கும் அந்த ஒலியை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

சிரமம் வேறு இடங்களில் இருக்கிறது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. பஸ்ஸு, கேட்டு என்று உகரம் சேர்த்தே பழகிய வாய், 'வைக்கிறார்கள்' என்ற பொருளுள்ள 'மெத்' என்பதை 'மெத்து' ஆக்கும். உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்வது போன்ற அந்த உயிர் பயிற்சி இல்லாமல் வராது. தொண்டையில் உரசும் ர-வும் அப்படித்தான். ஆனால் பெரும்பாலான பிழைகள் தமிழால் வருபவை அல்ல, ஆங்கிலத்தால் வருபவை. பிரெஞ்சு வினையை ஆங்கில எழுத்துக் கூட்டிப் படித்து 'பார்லர்', 'பார்லெஸ்' என்பதும், சொல்லின் முதலசையில் ஆங்கிலத்தைப்போல ஓங்கி அடிப்பதும் அப்படி வந்தவை. பிரெஞ்சில் அசைகள் சமமாக நடக்கும், அழுத்தம் தொடரின் கடைசி அசையில் மெல்ல விழும். தமிழ்ப் பேச்சின் நடையும் அதற்கு ஆங்கிலத்தைவிட அருகில் இருக்கிறது.

பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வுதானே, பேச்சு எங்கே வருகிறது என்ற கேள்விக்கு, பள்ளி முடிந்த பிறகு வருகிறது என்பதே பதில். பிரெஞ்சு அரசின் டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. ஒரு பகுதியில் 5க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு வாங்கினாலும் தேர்ச்சி இல்லை. கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்குப் பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் புள்ளி உண்டு. அதற்கான தேர்வுகளிலும் பேச்சு ஒரு பகுதி. பொறியியல் முடித்துவிட்டு அதற்காகத் திரும்பப் பிரெஞ்சு படிக்கப் போகும் இளைஞர், பிளஸ் டூ மார்க் ஷீட்டில் நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டே, முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வருடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த 'விதியே கிடையாது' என்ற பேச்சுதான்.

கடைசியாக ஆசிரியர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு, அது நேர்மையானதும்கூட: போர்ஷன் முடிக்கவே நேரமில்லை. அவர்கள்மேல் உள்ள சுமை பெரிது. ஆனால் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், வினைப் பட்டியலை ஒப்பிக்கவைப்பதிலும் திருப்பித் திருப்பி எழுதவைப்பதிலும்தான் போகிறது. பிளஸ் ஒன் தொடங்கும் முதல் வாரத்தில் நடுப் பத்தியை நோட்டிலிருந்து எடுத்துவிட்டு, வினையைக் கரும்பலகையில் எழுதி, அசைக்கு அசை கோடு போட்டு, ஒலிக்காத எழுத்தை அடித்துக் காட்டி, வகுப்பு முழுவதும் கைதட்டிச் சொன்னால் போதும். ஈ-ஆர் வினைகளின் நிகழ்காலத்துக்கு மூன்று ஒலி, தொடர் இறந்தகாலத்துக்கு மூன்று ஒலி. அதன்பின் புது வினை வரும்போதெல்லாம் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியர் ஒப்பிக்கவைக்க வேண்டிய பட்டியலே பாதியாகிவிடும்.